எத்தனை இலை?

அத்தியாயம் 14

மகள் கல்யாணத்துக்கு இன்னும் ஒன்பதே நாள். ராஜவேல் காலை ஆறு மணிக்கே ஷேவ் செய்து முடித்து, கூடத்து மேஜையில் நீள நோட்டு ஒன்றைப் பிரித்து வைத்து, பக்கத்தில் செல்போனையும் இரண்டு பேனாக்களையும் அடுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு பேனா எழுதாமல் மக்கர் செய்தால் கைக்கு இன்னொன்று வேண்டுமே, அதற்காக இரண்டு.

அவர் அப்படித்தான். ராணுவத்தில் இருபத்தாறு வருடம் சப்ளை பிரிவில் இருந்த மனிதர். பதான்கோட், லே, தேஜ்பூர், ஜோத்பூர் என்று எங்கே மாற்றினாலும் வேலை ஒன்றுதான். காவல் நிற்கிறவர்களுக்கு அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், தீப்பெட்டி வரைக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். சிப்பாயாகச் சேர்ந்து ஹவில்தாராக ரெட்டிபாளையத்துக்குத் திரும்பிப் பதினோரு மாதம் ஆகிறது. பட்டாளம் அவரை விட்டுவிட்டது. அவர்தான் பட்டாளத்தை இன்னும் விட்டபாடில்லை.

போன வாரம் முழுக்க அவரும் மனைவி ஹேமலதாவும் தாம்பாளத்தில் தேங்காய் பழத்தோடு வீடு வீடாகப் போய்ப் பத்திரிகை வைத்தார்கள். முதல் பத்திரிகை எறையூரில், ஹேமலதாவின் அண்ணன் நல்லுசாமிக்கு. தாய்மாமன் அல்லவா. தாம்பாளத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்ட நல்லுசாமி, "எம் பொண்ணு கல்யாணம்யா இது" என்று தெருவில் போன பால்காரரை நிறுத்திச் சொன்னதைப் பார்த்து ஹேமலதாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அவ்வளவு நன்றாக நடந்துகொண்டிருந்த காரியத்தில்தான் நம்ம ஹவில்தார் இன்று காலை கையை வைத்தார்.

விஷயம் இதுதான். சமையல்காரர் பூவரசன் நேற்று வந்து, "எத்தனை இலைன்னு நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுங்க சார். அதுக்குத் தக்கபடி சாமான் லிஸ்ட் போட்டுடுறேன்" என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார். வேறு எந்த அப்பனாக இருந்தாலும் விட்டத்தைப் பார்த்து, நாலு விரலை மடக்கி நிமிர்த்தி, "எண்ணூறு போடுய்யா, மேல வந்தா பாத்துக்கலாம்" என்றிருப்பான். ராஜவேலுக்கு அந்தப் 'பாத்துக்கலாம்' என்கிற வார்த்தையே ஆகாது.

காபி கொண்டுவந்த நர்மதா நோட்டை எட்டிப் பார்த்தாள். கல்யாணப் பெண். அரியலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர்.

"என்னப்பா எழுதறீங்க?"

"ஒவ்வொரு வூட்டுக்கும் போன் போட்டு, காலையில எத்தனை பேரு, மத்தியானம் எத்தனை பேருன்னு கேட்டு எழுதப் போறேம்மா."

"கல்யாணத்துக்கு வாங்கன்னு கூப்பிட்டுட்டு, எத்தனை பேரு சாப்பிடுவீங்கன்னு கேப்பாங்களாப்பா?"

"கேக்காம எப்படித் தெரியும்?"

நர்மதாவுக்கு மேலே சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. அப்பாவை எதிர்த்துப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. எதிர்த்துப் பேசுகிற வயதில் அவர் வீட்டில் இருந்தால்தானே.

முதல் போன் பூலாம்பாடிக்கு. பெரியப்பா மகன் அறிவரசன் எடுத்தார். "வர்றோம்ண்ணே, கண்டிப்பா வர்றோம். எத்தனை பேருன்னா... பாப்போம்ண்ணே" என்று இழுத்தார். ராஜவேல் 'பூலாம்பாடி – 4?' என்று எழுதினார். அந்தக் கேள்விக்குறி அவருக்குப் பிடிக்கவே இல்லை. அடுத்த இரண்டு வீடுகளிலும் இதே இழுவைதான். மனிதர்களுக்குத் தங்கள் வீட்டில் எத்தனை பேர் என்றுகூடவா தெரியாது என்று அவருக்கு ஆச்சரியம்.

நாலாவது போன் எறையூருக்கு.

"மச்சான், நான்தான்."

"சொல்லுங்க மாப்பிள்ளை. மண்டபத்து வாசல்ல கட்ட கரும்பு கேட்டீங்கல்ல, தோகையோட நல்லதாப் பாத்து ஒதுக்கி வச்சிருக்கேன்."

"அது இருக்கட்டும் மச்சான். சாப்பாட்டு லிஸ்ட் எழுதிக்கிட்டிருக்கேன். உங்க வூட்ல எத்தனை பேரு?"

"எங்க வூட்லயா?"

"ஆமா. நீங்க, அக்கா, அசோக்கு. மூணுன்னு போட்டுக்கட்டுமா? காலை டிபனுக்கும் மூணுதானா, இல்ல மத்தியானத்துக்கு மட்டுமா?"

"மூணுன்னே போட்டுக்கங்க மாப்பிள்ளை" என்றார் நல்லுசாமி. குரல் இறங்கிப் போயிருந்தது. ராஜவேல் அதைக் கவனிக்கவில்லை. இவ்வளவு நேரத்தில் கேள்விக்குறி இல்லாமல் கிடைத்த முதல் எண் அது. 'எறையூர் – 3' என்று எழுதிப் பக்கத்தில் டிக் போட்டார்.

அரை மணி நேரம் கழித்துப் பின்கட்டிலிருந்து ஹேமலதா வந்தாள். கையில் செல்போன். முகம் சரியில்லை.

"எங்க அண்ணனுக்குப் போன் போட்டீங்களா?"

"போட்டேன்."

"என்ன கேட்டீங்க?"

"சாப்பாட்டுக்கு எத்தனை பேருன்னு கேட்டேன்."

"என்ன கேட்டீங்க?" என்றாள் மறுபடியும். முதல் தடவையே காதில் விழுந்துவிட்டது. நம்பத்தான் முடியவில்லை.

அண்ணி சுந்தராம்பாள் போனில் சொன்னதை ஹேமலதா அப்படியே சொன்னாள். நல்லுசாமி இரண்டு வேன் பேசி வைத்திருந்தாராம். நாற்பத்தொரு சீர்த்தட்டு. தட்டுத் தூக்க எறையூரில் பாதித் தெருவுக்குச் சொல்லி வைத்திருந்தாராம். காலையில் போனை வைத்த கையோடு வேன்காரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, எடுத்து வைத்திருந்த பட்டுத் துணியையெல்லாம் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாராம்.

"'மாப்பிள்ளை நமக்கு மூணு இலை போட்டிருக்காரு. மூணு பேரும் பஸ்ல போயி, மூணு இலையில சாப்பிட்டுட்டு வந்துடுவோம்'கிறாராம். அண்ணி அழுவுது."

ராஜவேல் நோட்டைப் பார்த்தார். டிக் போட்ட மூன்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"நான் தப்பா ஒண்ணும் கேக்கலையே. சோறு பத்தாமப் போயிடக் கூடாதுன்னுதானே கேட்டேன்."

"சொந்தக்காரங்ககிட்ட எத்தனை பேருன்னு கேட்டா, அதுக்கு மேல ஒருத்தரைக் கூட்டிக்கிட்டு வராதேன்னு அர்த்தம். எங்க அண்ணன்கிட்ட போயிக் கேட்டிருக்கீங்களே" என்றாள் ஹேமலதா.

இந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் தாய்மாமன் சீரோடு வந்து மண்டப வாசலில் நிற்பது ஒரு காட்சி. மேளத்தோடு போய் எதிர்கொண்டு அழைத்து வருவார்கள். அவர் மாலை போட்டுக் கையைப் பிடித்து அழைத்து வந்த பிறகுதான் பெண் மேடை ஏறும். அந்த மனிதர் பஸ்ஸில் மூன்று பேராக வந்து இறங்கினால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள்? மாப்பிள்ளையின் ஊரான ஜெயங்கொண்டத்துச் சனம் இதைப் பத்து வருடத்துக்குப் பேசும்.

சமையல்கட்டு வாசலில் நின்றிருந்த நர்மதா மெதுவாகச் சொன்னாள்.

"மாமா மனசு நொந்துக்கிட்டு வந்து போடற மாலையை வாங்கிக்கிட்டு என்னால மேடை ஏற முடியாதுப்பா."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால்கூட ராஜவேல் தாங்கியிருப்பார். நோட்டை மூடினார்.

"கெளம்பு ஹேமா. எறையூர் போயிட்டு வந்துடலாம்."

"நான் வரலைங்க" என்றாள் ஹேமலதா. "நான் வந்தா எம் மொகத்துக்காகச் சரின்னுடுவாரு. உள்ளுக்குள்ள அது அப்படியே கெடக்கும். நீங்க கேட்டதுதானே, நீங்களே போயிப் பேசுங்க."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ராஜவேல் சட்டையை மாற்றிக்கொண்டார். பையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் வெற்றிலை பாக்கும் எடுத்து வைத்தார். அந்த நோட்டையும் வைத்தார். கெட்ட பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போய்விடுமா என்ன?

அரியலூர் போய்ப் பெரம்பலூர் பஸ் பிடித்தார். ஜன்னலுக்கு வெளியே சிமெண்ட் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக எதிரில் வந்தன. ரோட்டோரத்து வேப்பமரமெல்லாம் வெள்ளையாக நின்றது. வரிசையாகப் போகும் லாரியைப் பார்த்தால் எண்ணாமல் இருக்க அவரால் முடியாது. அன்றைக்கு எண்ணவில்லை. மனது வேறு எங்கோ இருந்தது.

பதினேழு வருடத்துக்கு முந்தைய ஒரு குளிர்காலம். லே ஊருக்கு அப்பால் மலைமேல் ஒரு சின்னக் காவல் முகாம். பதினாலு பேர். வாரம் ஒரு தடவை கோவேறு கழுதை முதுகில்தான் அவர்களுக்குச் சாப்பாட்டுச் சாமான் போகும். கீழே டிப்போவில் அதைக் கட்டி அனுப்புகிறவர் ராஜவேல். அப்போது நாயக், ஹவில்தாருக்கு ஒரு படி கீழே. ஒரு நாள், மேலே இன்னும் ஐந்து பேர் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள் என்று ஒரு சீட்டு வந்தது. அன்றைய சாமான் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. அடுத்த வாரம் சேர்த்து அனுப்பிவிடலாம், பாத்துக்கலாம் என்று சீட்டை மேஜையில் டம்ளருக்கு அடியில் வைத்தார்.

அன்று ராத்திரி பனி பிடித்துக்கொண்டது. பதினாறு நாள் பாதை மூடிப் போயிற்று. பதினாலு பேர் சாப்பாட்டைப் பத்தொன்பது பேர் பிரித்து, கடைசியில் ஒரு நாளைக்கு ஒரு வேளை சாப்பிட்டு ஓட்டினார்கள். யாரும் சாகவில்லை. பாதை திறந்ததும் கீழே இறங்கி வந்த கட்வால்காரச் சிப்பாய் ஒருவர் நேராக டிப்போவுக்கு வந்தார். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. திட்டவில்லை. ராஜவேல் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, "எங்க அஞ்சு பேரையும் நீ எண்ணவே இல்லையே தம்பி" என்று மட்டும் இந்தியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதற்கப்புறம் ராஜவேல் யாரையும் எண்ணாமல் விட்டதில்லை. எண்ணுவதுதான் ஒரு மனிதனுக்குச் செய்கிற மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தார். இன்று காலை வரைக்கும்.

பெரம்பலூரில் பஸ் மாறி எறையூரில் இறங்கும்போது மணி பன்னிரண்டரை. சர்க்கரை ஆலைக்குப் போகிற ரோட்டில் கரும்பு டிராக்டர்கள் வரிசை கட்டி நின்றன. நல்லுசாமி வீடு பூட்டியிருந்தது. இன்றைக்குத்தான் வெட்டு ஆரம்பம், எல்லாரும் கரும்புக் காட்டில் இருக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

காட்டில் கால் பாகம் கரும்பு வெட்டிச் சாய்ந்து கிடந்தது. வெட்டு ஆட்கள் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். முதல் நாள் வெட்டுக்கு ஆட்களுக்குச் சோறு போடுவது நல்லுசாமியின் வழக்கம். சுந்தராம்பாள் அன்னக்கூடையோடு நின்றிருந்தாள். ராஜவேலைப் பார்த்ததும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"வாங்க தம்பி. ஹேமா வரலையா?"

"இல்லக்கா. நான் மட்டும்தான்."

நல்லுசாமி மோட்டார் கொட்டகை நிழலில் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தொரு வயது. வெயிலில் கறுத்த உடம்பு, தலையில் துண்டு. எழுந்து, "வாங்க மாப்பிள்ளை" என்றார். அந்த 'வாங்க' சரியாகத்தான் இருந்தது. முகம்தான் கூட வரவில்லை.

"மச்சான், காலையில..."

"முதல்ல சாப்பிடுங்க. அப்புறம் பேசலாம்."

இலை போட்டார்கள். ராஜவேல் உட்கார்ந்தார். சோறு, கத்தரிக்காய் முருங்கைக்காய்க் குழம்பு, அப்பளம். பசித்தது, ஆனால் இறங்கவில்லை. பழக்க தோஷத்தில் கண் எண்ணிக்கொண்டிருந்தது. வெட்டு ஆட்கள் பத்து. நல்லுசாமி, சுந்தராம்பாள் இரண்டு பேர். அவரோடு பதின்மூன்று. அதற்குள் டிராக்டர் டிரைவர் ஒருவர் வந்தார், இலை விழுந்தது. வாய்க்கால் பார்க்கப் போன ஒருவரை நல்லுசாமியே கூப்பிட்டு உட்கார வைத்தார். பதினைந்து. அன்னக்கூடையில் இன்னும் சோறு இருந்தது.

"எத்தனை பேருக்குக்கா ஆக்குனீங்க?" என்று கேட்டுவிட்டார். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சுந்தராம்பாள் சிரித்தாள். "எண்ணாமலா ஆக்குவாங்க? மனசுக்குள்ள எண்ணிட்டு அதுக்கு மேல ரெண்டு படி போடுவோம். வாய் விட்டுக் கேக்கறதில்லை, அவ்வளவுதான் தம்பி."

இவ்வளவு சின்ன விஷயம். இருபத்தாறு வருடத்தில் இதை ஒருத்தரும் தனக்குச் சொல்லவில்லையே என்று ராஜவேலுக்குத் தோன்றியது. சொல்ல ஆள் இருந்த இடத்தில் அவர் இல்லை.

சாப்பிட்டுக் கை கழுவி வந்ததும் நல்லுசாமி வெற்றிலையை மடித்தபடியே ஆரம்பித்தார்.

"நர்மதாவுக்குக் காது குத்துனப்ப நீங்க எங்க இருந்தீங்க மாப்பிள்ளை?"

"லேயில."

"உங்க அப்பா போனப்ப?"

"தேஜ்பூர். ட்ரெயின்ல வந்துக்கிட்டிருந்தேன்."

"மூணாம் நாள் வந்து சேந்தீங்க. பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்னாடியே லீவு முடிஞ்சுதுன்னு கெளம்பிட்டீங்க. நான் குத்தம் சொல்லல. உங்க வேலை அப்படி. ஆனா அன்னைக்குப் பந்தல்ல நின்னது நான். எத்தனை இலை போட்டேன்னு கேளுங்க, எனக்குத் தெரியாது. வந்தவங்க கையைக் கழுவிட்டு உக்காந்தாங்க. போட்டேன்."

ராஜவேல் தலையைக் குனிந்துகொண்டார்.

"இருபத்தாறு வருஷத்துல அந்த வூட்டுக்கு நான் ஒரு நாளும் விருந்தாளியா வந்தது கெடையாது. இன்னைக்குக் காலையில என்னை விருந்தாளி ஆக்கிட்டீங்க மாப்பிள்ளை."

வெற்றிலை மடிந்து கையிலேயே இருந்தது. வாயில் போடவில்லை.

"தப்புதான் மச்சான்" என்றார் ராஜவேல். "பட்டாளத்துல ஒரு தடவை அஞ்சு பேரை எண்ணாம விட்டுட்டேன். பட்டினி கெடந்தாங்க. அதுலேருந்து எனக்கு எண்ணாம இருக்க முடியல. உங்களைத் தள்ளி வைக்கணும்னு கேக்கல."

"அது பட்டாளம். அங்க யாரும் யாருக்கும் மச்சான் இல்ல."

ராஜவேல் மன்னிப்புக் கேட்டாகிவிட்டது. கேட்டது போதவில்லை என்றும் தெரிந்தது. அவர் இவ்வளவு காலம் பார்த்த வேலையில், குறைந்ததை அடுத்த வண்டியில் அனுப்பினால் சரியாகிவிடும். இங்கே எந்த வண்டியில் எதை அனுப்புவது?

நல்லுசாமியின் கண் பையிலிருந்து எட்டிப் பார்த்த நோட்டின் மேல் விழுந்தது.

"அதுதான் அந்த நோட்டா?"

"ஆமா."

"கொண்டாங்க. எறையூர்க்காரனை எப்படி எழுதியிருக்கீங்கன்னு பாக்கறேன்."

கொடுத்தார். நல்லுசாமி நோட்டைத் தள்ளிப் பிடித்து, கண்ணைச் சுருக்கி முதல் பக்கத்தின் முதல் வரியைப் படித்தார். அங்கேயே நின்றுவிட்டார்.

"'வீடு, ரெண்டு'. இது எந்த வூடு?"

"எங்க வூடுதான் மச்சான்."

"ரெண்டு பேருன்னா?"

"ஹேமாவும் நர்மதாவும்."

"நீங்க?"

ராஜவேல் நோட்டை எட்டிப் பார்த்தார். அவர் கையெழுத்துதான். ஆள் ஆளாக யோசித்து எழுதி, அடியில் கோடு போட்ட முதல் வரி. அதில் அவர் இல்லை.

அது அவருக்கு மறந்துபோனது என்றும் சொல்ல முடியாது. சாமான் கட்டி அனுப்புகிறவன் பெயர் அந்தப் பட்டியலில் இருக்காது. அவனுக்குச் சோறு வேறு எங்கோ, வேறு பட்டியலில். இத்தனை வருடமும் தீபாவளி, பொங்கல் என்று வீட்டை நினைக்கும்போதெல்லாம் அங்கே இலை இரண்டுதான். ஊருக்கு வந்து பதினோரு மாதமாகியும் அந்த எண் அவர் கையில் அப்படியே இருந்தது.

"பழக்கம் மச்சான்" என்றார்.

நல்லுசாமி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கியபோது தலைத்துண்டை அவிழ்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கேட்டியா சுந்தரம்? பொண்ணைப் பெத்தவருக்கே இலை கெடையாது. எனக்கு மூணு போட்டிருக்காரு. நான் பீரோவைப் பூட்டிட்டுக் கோவிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்."

சுந்தராம்பாள் சிரிக்கவில்லை. சொம்பில் மோரை ஊற்றிக்கொண்டு வந்து ராஜவேல் கையில் கொடுத்தாள். "சரியாவே சாப்பிடல. இதையாவது குடிங்க தம்பி" என்றாள். ராஜவேல் வாங்கி மடமடவென்று குடித்தார். அழுகையை மறைக்க ஒரு சொம்பு போதுமாக இருந்தது.

புறப்படும்போது நோட்டுக்காகக் கையை நீட்டினார். நல்லுசாமி அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"இது என்கிட்டயே இருக்கட்டும்."

"மச்சான், சாயங்காலம் சமையல்காரருக்கு..."

"வர்றேன் மாப்பிள்ளை. சீரோட வர்றேன், மாலையோட வர்றேன். எம் பொண்ணை நான்தான் மேடை ஏத்துவேன். ஆனா எத்தனை பேரோட வருவேன்னு மட்டும் சொல்ல மாட்டேன். நீங்க வாசல்ல நின்னு எண்ண ஆரம்பிச்சு, முடியலைன்னு விட்டுடணும்."

திரும்பி வரும் பஸ்ஸில் கை காலியாக இருந்தது. ரேஷன் டிப்போவில் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு வந்த அன்றுகூட இப்படி இருந்ததில்லை. அன்றைக்குச் சாவியைக் கொடுத்தார், கையெழுத்துப் போட்டார், ஒரு ரசீது வாங்கிக்கொண்டார். இன்றைக்கு ரசீது கிடையாது.

பெரம்பலூர் தாண்டும்போது செல்போனில் ஒரு செய்தி வந்தது. நல்லுசாமி மகன் அசோக் அனுப்பியிருந்தான். 'மாமா, அப்பா வேண்டாம்னு சொன்ன அந்த ரெண்டு வேனை மறுபடி பேசல. ஆலை வாசல்ல நின்னு கல்யாணத்துக்கு வர்றதுக்கு டிராக்டர்காரங்ககிட்ட பேசிக்கிட்டிருக்காரு. எத்தனை டிராக்டர்னு கேட்டா என்னையே திட்டறாரு. நான் சொன்னதா சொல்லிடாதீங்க.'

ராஜவேல் அதை இரண்டு தடவை படித்தார். தனக்கு வந்தது பயமா சந்தோஷமா என்று அவருக்கே பிடிபடவில்லை.

வீட்டுக்கு வரும்போது விளக்கு வைக்கிற நேரம். ஹேமலதாவும் நர்மதாவும் வாசலிலேயே நின்றார்கள். கூடத்தில் பூவரசன், காதில் பேனாவோடு காத்திருந்தார்.

"என்ன ஆச்சுங்க?"

"வர்றாராம். சீரோட."

ஹேமலதா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எத்தனை..." என்று ஆரம்பித்து, சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். நர்மதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பூவரசனுக்கு இதெல்லாம் என்ன தெரியும்? அவர் காகிதத்தை மடியில் வைத்துப் பேனாவை எடுத்தார். மிலிட்டரிக்காரர் வீடு, சுத்தமாக ஒரு எண் வரும் என்று நம்பி வந்திருக்கிறார்.

"சொல்லுங்க சார். எத்தனை இலை?"

"தெரியாதுப்பா" என்றார் ராஜவேல்.

பூவரசன் பேனாவோடு அப்படியே நிமிர்ந்து பார்த்தார். "தெரியாதுன்னா எப்படி சார்? நீங்களே இப்படிச் சொன்னா?"

"நெசமாவே தெரியாது. எத்தனை பேரு வந்தாலும் போடற மாதிரி செய்யணும். நீ உம் மனசுல ஒண்ணு எண்ணிக்க. அதுக்கு மேல தாராளமாப் போட்டுக்க."

பூவரசன் தலையைச் சொறிந்துகொண்டு எழுந்தார். செருப்பை மாட்டும்போது ராஜவேல் மறுபடியும் கூப்பிட்டார்.

"பூவரசு. எனக்கும் ஒரு இலை சேத்துக்க."